வானிலிருந்து அளக்கட்டும், லயத்தில் காட்டட்டும்

தோட்டத்தில் அளவுக்காரரின் முக்காலியைக் கண்டால் நம் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். 1950-களில் தோட்டத் துண்டாடல் தலைவிரித்தாடியபோது, தோட்டம் கைமாறும் செய்தியைத் துரை சொல்லுமுன் நிரைகளுக்கிடையே நட்ட முளைக்குச்சி சொல்லிவிட்டதாகக் கேட்டிருக்கிறோம். அத்துன்பத்துக்கு மருந்தாகவே 1960-ல் தலைக்கு 10 வெள்ளி சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அதைத் தோற்றுவித்த துன் சம்பந்தனின் பெயரைப் பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலை இன்று தாங்கி நிற்கிறது.

இப்போது ஆளில்லா விமானத்தில் காமிராவை ஏற்றிப் படமெடுத்து, அப்படங்களை இணைத்து நிலத்தை வரையும் முறை வந்திருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கிய 'சுவாமித்வா' திட்டம் கிராமக் குடியிருப்புகளை இப்படித்தான் அளக்கிறது. விமானம் பறக்குமுன், ஊரார் முன்னிலையில் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். வரைந்த படத்தை ஊராருக்குக் காட்டி, ஆட்சேபம் கேட்ட பிறகே சொத்து அட்டை தருகிறார்கள்.

நம் நாட்டில் 1965-ம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, எல்லையை நிர்ணயித்து, எல்லைக் கல் நட்டு, அத்தாட்சிப் படம் ஏற்கப்படும் வரை நிலம் அளக்கப்பட்டதாகாது. கல்லைக் கைவிடும்படி நாம் கேட்கவில்லை. இலையடர்ந்த ரப்பர் மரத்தின் கீழுள்ள கல் மேலிருக்கும் காமிராவுக்குத் தெரியாது. இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் ஓரளவு தெரியலாம். (இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம், பால்வெட்டும் எவரும் சொல்வார்!)

ஆனால் கல் காட்டாததைப் படம் காட்டும். பட்டாவிலே மூலைக் கற்களும் தூரமும் உண்டு. லயமும் கோவிலும் இடுகாடும் அதில் ஏது? கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 'இந்தக் கோவில் எப்போதிருந்து இங்கிருக்கிறது?' என்று கேட்டால், கிழவர் ஒருவரின் நினைவைத் தவிர நம்மிடம் என்ன இருக்கிறது? படம் நிலவுரிமை தராது. லயம் முதலாளியின் மண்ணில்தான் நிற்கிறது. எனினும், தேதியிட்ட படமொன்று பேச்சுவார்த்தை மேசையில் நமக்குச் சாட்சியாகும்.

ஆகவே விதிகளைத் திருத்திப் படமுறைக்கு இடமளிக்க அரசாங்கத்தைக் கேட்கிறோம். அதே விதியில் இதுவும் இருக்க வேண்டும்: தோட்டத்தை அளந்தால், முடிவாகுமுன் அப்படத்தை மலாயிலும் தமிழிலும் குறிப்பெழுதிப் பிரட்டுக் களத்தில் 30 நாள் மாட்டிவைக்க வேண்டும். ஒரு பிரதி சங்கத்துக்கும் வரவேண்டும், விலையில்லாமல்.

தோழர்களே, உங்கள் தோட்டத்தில் பட்டாவில் இல்லாத கோவில், கிணறு, இடுகாடு எவையெவை என்று கிளைக் கூட்டத்தில் பேசி எழுதியனுப்புங்கள். எழுதும் வேலையைக் கிராணிமார் ஏற்றுக்கொள்ள வேண்டும்.