அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகப் பல வருடம் உட்கார்ந்தவன் நான். முதல் தகவல் அறிக்கைகளில் அதிகம் படித்த வரி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." ஊர் மாறும், வண்டி மாறும், செத்தவர் பெயர் மாறும். இந்த வரி மட்டும் மாறாது.

போன மாதம் எங்கள் தெரு அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். காலையில் பால் வாங்கப் போன கணவர் வேன் மோதி இறந்து நாலு வருடம் ஆகிறது. இப்போது டிரைவருக்கு விடுதலை. "ஜட்ஜுக்குக் காசு கொடுத்துட்டாங்களா அண்ணே?" என்றார்.

தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தேன். நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி, "வேன் ரொம்ப வேகமாக வந்தது" என்கிறார். குறுக்கு விசாரணையில், எவ்வளவு வேகம் என்றால் தெரியாது. மோதியதைப் பார்த்தீர்களா என்றால், "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்." மாதிரி வரைபடத்தில் ரோட்டின் அகலம் இல்லை. டயர் தடம் பற்றிப் பார்வை மகஜரில் ஒரு வார்த்தை இல்லை. முனைக்கடையில் கேமரா இருந்தது, யாரும் போய்க் கேட்கவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர், வண்டியில் இயந்திரக் கோளாறு இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். பிரேக் நன்றாக இருந்தது என்பதால் டிரைவர் தப்பாக ஓட்டினார் என்று ஆகிவிடுமா?

"இல்லம்மா, ஜட்ஜ் மேல் தப்பில்லை" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் 1998-லேயே, கர்நாடகத்தில் லாரி கவிழ்ந்த ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: அதிவேகம் என்று சொன்னால் மட்டும் போதாது, வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு. காலியான பைபாஸில் 60 சாதாரணம். பள்ளி விடும் நேரத்தில் குறுகிய தெருவில் 30 கூட ஆபத்து. அந்த இடம், அந்த நேரம், டிரைவர் செய்த குறிப்பிட்ட தப்பு, எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். ஒருவர் செத்தார் என்பதே அதற்குச் சாட்சி ஆகாது. நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில் இவ்வளவு கறார் இல்லை. அதனால்தான் அங்கே பணம் கிடைத்த குடும்பம் இங்கே தோற்றுப் போகிறது.

இதற்கு நம் ஊரில் சொல்லும் மருந்து, தண்டனையைக் கூட்டு என்பது. கூட்டியாயிற்றே! பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருடம். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் 106(1)-ல் 5 வருடம். நிரூபிக்கவே முடியாத வழக்கில் இரண்டானால் என்ன, ஐந்தானால் என்ன? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

இன்னொரு வேடிக்கை. புதிய நடைமுறைச் சட்டம், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும் என்கிறது. ஆனால் 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான்! சாலைச் சாவு அந்தக் கணக்கில் சேரவில்லை. தடயம் அதிகம் தேவைப்படும் வழக்கில், தடயம் எடுக்கக் கட்டாயம் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அன்றைக்கே டேப் பிடித்து ரோட்டை அளக்கட்டும். டயர் தடத்தைப் படம் எடுக்கட்டும். கேமராப் பதிவு அழிவதற்குள் வாங்கட்டும். சாட்சியிடம் "வேகமா வந்துச்சா?" என்று கேட்காமல், "எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் அந்த அம்மாவுக்கு நாலு வருடம் காத்திருப்பும் கடைசியில் ஒரு விடுதலைத் தீர்ப்பும் கொடுத்தோம். அஜாக்கிரதை என்ற வார்த்தை டிரைவருக்கு மட்டும்தான் பொருந்துமா?