மலைன்னா அகல டயரா? யாரு சொன்னா?

கண்டியில் மவுண்டன் பைக் வாங்க நினைக்கிற எவருக்கும் முதலில் கிடைக்கிற உபதேசம் ஒன்றுதான்: "மலைதானே, நல்லா அகலமான டயராப் பார்த்துப் போடுங்க." எங்கள் கூட்டத்திலும் பாதிப்பேர் அதை நம்பி, சேர்த்து வைத்த காசில் 2.4 அங்குலம் போட்டவங்கதான். ஓடிப் பார்த்த பிறகு சொல்கிறோம்: அது பாதிப் பொய்.

நாம ஓடுறது எங்கே? பேராதனையிலிருந்து கலஹா, டவுனிலிருந்து ஹந்தானை தேயிலை நூதனசாலை, கடுகண்ணாவை ஏற்றம். பெரும்பாலும் தார் ரோடு. பெரிய பெரிய கட்டை வைத்த டயரைக் காத்துக் குறைத்து அதில் மிதித்தால், கால் போட்ட பலத்தில் ஒரு பங்கை ரப்பரே தின்றுவிடும். 1.95 அல்லது 2.1, நடுவில் கட்டை குறைந்த டயர், இங்கே தாராளமாகப் போதும்.

"மழையில வழுக்குமே?" என்று கேட்பீங்க. காரைப் போல தண்ணீர் மேல் மிதக்கிற வேகத்தில் சைக்கிள் போவதில்லை. ஈரத் தாரில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் காத்தழுத்தமும். உயரமான கட்டைகள் வளைவில் நெளியும்; தரையில் படுகிற ரப்பரும் குறையும். இன்னொன்று: ஹந்தானையிலிருந்து இறங்கும்போது உயிரைக் காப்பாத்துறது பிரேக் கட்டை. தேய்ந்த கட்டையை மாத்தாமல் டயருக்குக் காசு கொட்டுறது புத்தியா?

அகலத்துக்கு வேலையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. றங்கலைப் பக்கம், நக்கிள்ஸ் அடிவாரத்துக் கல் ரோட்டுக்கு 2.4 தான் ராஜா. காத்தைக் குறைத்து ஓடலாம், டயர் கல்லுக்கு மேல் வளைந்து கொடுக்கும், ரிம்மும் தப்பும். வாரம் முழுக்க அங்கே ஓடுறவங்க தயங்காமல் வாங்குங்க. ஆனால் வாங்குமுன் டயரின் பக்கவாட்டைப் பாருங்க. 50-559 என்று இருந்தால் அகலம் 50 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 559. உங்கள் ஃபோர்க்கில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கா, சேறு அப்பினாலும் சுத்துமா என்று அளந்து பாருங்க.

கடைசியாக ஒரு கோபம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட நாளிலிருந்து, இந்த மலையில் கொழுந்து இறங்க வழி வெட்டினாங்க. லயத்துக்குப் போகிற வழியோ பல தோட்டங்களில் இன்னும் கல்லும் குழியும்தான். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிற தோட்டத்துப் பிள்ளைக்கு அகல டயர் தேவைப்படுதுன்னா, அதுக்குக் காரணம் மலை இல்லை, போடாத ரோடு. அந்தச் செலவை ஏன் அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா தங்கள் நாட்சம்பளத்திலிருந்து கட்டணும்?

டயரை நம்ம ரோட்டைப் பார்த்து வாங்குவோம். ரோட்டை, போட வேண்டியவங்களிடம் கேட்போம். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.