எல்லைக்கோடும் இருபது வாக்குகளும்

மேற்கு லண்டனின் கென்சிங்டன் தொகுதியில் 2017 நாடாளுமன்றத் தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்றது வெறும் 20 வாக்குகள் வித்தியாசத்தில். 2019-இல் கன்சர்வேடிவ் கட்சி 150 வாக்குகளில் அதை மீட்டது.

தொகுதியின் தெற்கே செல்வந்தர்களின் மாளிகைகள். வடக்கே உள்ளாட்சி மன்றத்தின் வாடகைக் குடியிருப்புகள். 2017 வாக்குப்பதிவு முடிந்த ஆறாம் நாள் தீக்கிரையாகி 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் கோபுரம் அந்த வடபகுதியைச் சேர்ந்ததே.

1997 முதல் 2010 வரை இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு தொகுதிகளில் இருந்தன. தெற்கு, செல்சியுடன் சேர்ந்து கன்சர்வேடிவ் கோட்டையாக விளங்கியது; வடக்கு, ரீஜன்ட்ஸ் பார்க்குடன் இணைந்து தொழிலாளர் கட்சியிடம் இருந்தது. இரண்டிலும் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். 2010-இல் வடக்கும் தெற்கும் மீண்டும் இணைக்கப்பட்டன. ஏழே ஆண்டுகளில் கென்சிங்டன் இழுபறித் தொகுதியாயிற்று.

2024-இல் பேஸ்வாட்டர் பகுதியும் சேர்ந்து, தொகுதியின் பெயரே மாறியது; தொழிலாளர் கட்சி வென்றது. சில விதிவிலக்குகள் தவிர, எந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அங்குள்ள விதி. எல்லை வரையும் ஆணையம் கட்சிகளின் லாப நட்டத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும், யாருடன் யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு எண்ணிக்கைச் சமத்துவம் மட்டும் விடையாகாது.

போட்டியில்லாத சந்தையில் நுகர்வோருக்கு மதிப்பில்லை என்று வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்தவன் நான். தேர்தலுக்கும் அது பொருந்தும். ஏழையையும் செல்வந்தரையும் தனித்தனியே பிரித்துவைத்தால் இருவருமே யாரோ ஒருவரின் நிரந்தர வாக்கு வங்கி. ஒரே எல்லைக்குள் வைத்தால், இருவரின் கதவையும் வேட்பாளர் தட்டியாக வேண்டும்.