குண்டு போட்டாத்தான் டப்பாவில் இடமா?

முதல்ல ஒரு குட்டி க்விஸ். பக்கத்து பெஞ்சைப் பார்க்காம பதில் சொல்லணும், ஓகே?

விமானம் நம்பர் ஒன், ஹார்ட்டன் ஹோ 229. இரண்டாம் உலகப் போர் முடியப்போகும் நேரத்தில் ஜெர்மனி செய்த ஜெட். இன்ஜினோடு பறந்தது ஒரே ஒரு விமானம்தான். அதுவும் 1945 பிப்ரவரியில் பறக்க ஆரம்பித்து, அதே மாதம் விழுந்து நொறுங்கிவிட்டது. படம் அவ்வளவுதான், எழுந்து போகலாம்.

விமானம் நம்பர் டூ, செஸ்னா 172. 1955-ல் முதன்முதலில் பறந்த குட்டி விமானம். இதுவரை செய்தது 44,000-க்கும் மேல். உலகத்தில் வேறு எந்த விமானத்தையும் இத்தனை செய்ததில்லை. பைலட் ஆகணும்னு கிளம்பின எத்தனையோ பேர் முதலில் ஓட்டிப் பழகினது இதில்தான்.

இப்போ கேள்வி. பாகம் பாகமா வாங்கி, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடிக்கிற பிளாஸ்டிக் மாடல் கிட் இருக்கே... அந்தக் கடைகளில் யாருக்கு ராஜ மரியாதை?

கரெக்ட். விழுந்து நொறுங்கினவருக்குத்தான்! ரெவெல், டிராகன், ஸோக்கேய் முரா என்று ஆளாளுக்கு ஹார்ட்டனைப் போட்டிருக்காங்க. 1/72, 1/48, 1/32 என்று மூணு அளவிலும் கிடைக்குது. செஸ்னா 172-க்குப் பெரிய கம்பெனிகள் போட்ட கிட்டை விரல்விட்டு எண்ணிடலாம். இன்னும் கொடுமை கேளுங்க. ட்ரீப்ஃப்ளூகல் என்று ஒரு ஜெர்மன் டிசைன். 1944-ல் பேப்பரில் வரைந்ததோடு சரி, விமானமாக யாரும் செய்யவே இல்லை. அதுக்கும் 1/35 அளவில் மினிஆர்ட் கம்பெனி கிட் போட்டிருக்கு. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வச்சு, காதும் குத்தியாச்சு!

ஏன் இப்படி? கொஞ்சம் பின்னாடி போனா புரியும். 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. மரத்தில், 1/72 அளவில். வானத்தில் வருவது நம்ம ஆளா, எதிரியா என்று வீரர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொடுக்க. 1/72 கணக்கும் சிம்பிள். ஆறடி ஆள் ஓர் அங்குல பொம்மை ஆயிடுவார். போர் முடிந்தது, மரம் போய் பிளாஸ்டிக் வந்தது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1953-ல் போட்ட முதல் விமானக் கிட் எது தெரியுமா? ஸ்பிட்ஃபயர். அப்பா சண்டை போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அதைத்தான் கேட்டாங்க. கடைக்காரர் விற்கிறதைத்தான் அடுக்குவார், அடுக்குறதைத்தான் நாம வாங்குவோம். அந்தச் சக்கரம் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு.

சைஸும் ஒரு காரணம். 1/72-ல் ஸ்பிட்ஃபயர் இறக்கை நுனிக்கு நுனி 16 சென்டிமீட்டர்கூட வராது, உள்ளங்கையில் வச்சுக்கலாம். அதே அளவில் போயிங் 747-400 செஞ்சா நீளம் மட்டும் 98 சென்டிமீட்டர். ஹாஸ்டல் கட்டில்ல அது படுத்துக்கும், நாம தரையில படுக்கணும். அதனால பயணிகள் விமானங்களுக்குப் பாதி அளவான 1/144 என்று தனி வரிசையே போட்டுட்டாங்க. விளைவு, என் ஸ்பிட்ஃபயருக்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு ஏ320-ஐ நிறுத்திப் பார்க்கணும்னா, அது லேசில் நடக்காது.

மூணாவது காரணத்தை நானே பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். போர் விமானம் செய்யறப்போ தப்பு பண்ணினா கவலையே இல்லை. கொஞ்சம் புகைக்கறை, கொஞ்சம் சேறு, உரிஞ்ச பெயின்ட்... 'சண்டையில அடிபட்டுச்சு'ன்னு சொல்லித் தப்பிச்சுடலாம். பயணிகள் விமானம் அப்படியில்லை பாஸ். நீளமான குழாய், பளபள வெள்ளை. போன செமஸ்டர் லீவில் 1/144 ஏ320 ஒண்ணு செஞ்சேன். உடம்பின் ரெண்டு பாதியையும் ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வெள்ளை அடிச்சா... ஒட்டின கோடு முதுகெலும்பு மாதிரி மேலே தெரியுது. மறுபடி தேய், மறுபடி அடி. நாலாவது ரவுண்டில் ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, பிளேனுக்கு ஆபரேஷன் பண்ணினியா? தழும்பு அப்படியே இருக்கு"ன்னான்.

அடுத்தது பணம். ஒரு கிட்டுக்கு ஸ்டீல் அச்சு வெட்டுறது லேசான செலவு இல்லை. விற்கும்னு தெரிஞ்சாத்தான் வெட்டுவாங்க. ஆனா பயணிகள் விமானப் பிரியர்களில் பலர் பசை, பெயின்ட் வாசமே வேண்டாம்னு ஹெர்பா, ஜெமினி ஜெட்ஸ் போடுற ரெடிமேட் உலோக மாடலை வாங்கி ஷோகேஸில் வச்சிடறாங்க. போதாததுக்கு ஏர்லைன்ஸ் பெயர், லோகோ எல்லாம் அவங்கவங்க சொத்து. போட்டுக்கணும்னா அனுமதி வாங்கணும்.

சரி, இவ்வளவு நியாயமான காரணம் இருக்கே, அப்போ யாரையும் குறை சொல்ல முடியாதுதானேன்னு நானும் நினைச்சேன். அப்புறம்தான் கிழக்கு ஜெர்மனிக் கதை கிடைச்சது.

அங்கே ஸோப்பாவ் என்ற ஊரில் பிளாஸ்டிகார்ட் என்று ஓர் அரசு நிறுவனம் இருந்தது. மிக் மாதிரி போர் விமானங்களும் போட்டாங்க. ஆனா அவங்க பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வர்றது பயணிகள் விமானங்கள்தான். இல்யூஷின் 62, டுபோலேவ் 134, அன்டோனோவ் 24, சூப்பர்சானிக் டுபோலேவ் 144 எல்லாம் 1/100 அளவில். பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பையன் ஆசையா ஒட்டினது ஆள் ஏத்திப்போற விமானத்தை! ஜப்பானில் ஹசேகாவா 1/200-ல் அந்த ஊர் ஏர்லைன்ஸ் ரெண்டின் விமானங்களையும் வரிசையா போட்டது. ரஷ்யாவின் ஸ்வெஸ்டா தங்கள் டுபோலேவ் 154-ஐயும் செஞ்சது, போயிங், ஏர்பஸ்ஸையும் செஞ்சது. அங்கே மட்டும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறது ஈஸியா என்ன? ஆக, முடியாதுங்கிறது காரணம் இல்லை. யார் மேல ஆசைப்படணும்னு நமக்குப் பழக்கப்படுத்தினதுதான் காரணம்.

போயிங் 737-ஐ எடுத்துக்குங்க. 11,000-க்கும் மேல் செஞ்சாச்சு. எத்தனை நாடு, எத்தனை ஏர்லைன்ஸ், எத்தனை வால் நிறம்! ஓர் அச்சை வெட்டி, விதவிதமா டெகல் மட்டும் மாத்தி மாத்தி வருஷக்கணக்கா விற்கலாம். டெகல்னா தண்ணியில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர். ஆனா பெரும்பாலும் டப்பாவுக்குள் வர்றது ஒண்ணோ ரெண்டோ ஏர்லைன்ஸுக்கான டெகல்தான். மிச்சத்துக்குத் தனியா டெகல் அச்சடிக்கிற குட்டிக் கம்பெனிகளைத் தேடி அலையணும்.

இதெல்லாம் பொம்மை விஷயம்தானே, இதுக்கா இவ்வளவு புலம்பல்னு நீங்க கேட்கலாம். என் ஷெல்ஃபில் ஸ்பிட்ஃபயரும் அந்தத் தழும்பு ஏ320-யும் பக்கத்துப் பக்கத்தில் நிக்குது. போன வாரம் காய்ச்சல்னு மெஸ் அண்ணன் ரூமுக்கே கஞ்சி கொண்டுவந்தார். ஸ்பிட்ஃபயரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஏ320-ஐக் கையைத் துடைச்சுட்டுத் தூக்கினார். ஜன்னல் வரிசையை ஒண்ணொண்ணா விரலால தடவிட்டே போனார்.

"தம்பி, எம்பையன் துபாய்க்குப் போனானே, அது இந்த மாதிரிதானே?"

"ஆமாண்ணே."

"இதுல எங்க உக்காந்திருப்பான்?"

எனக்கு என்ன தெரியும்? இறக்கைக்குப் பின்னாடி ஒரு ஜன்னலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் வாலைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார், "ஆனா அவன் போன கம்பெனி கலர் இது இல்லியே தம்பி."

இல்லைதான். டப்பாவில் வந்தது ஏதோ ஒரு ஐரோப்பிய ஏர்லைன்ஸ் டெகல். என்ன கலர்னு கேட்டு எழுதி வச்சிருக்கேன். ரெண்டு ராத்திரியா டெகல் தேடிக்கிட்டிருக்கேன், இன்னும் கிடைக்கலை.

ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் நாலு படைப்பிரிவு டெகல் டிராயரில் சும்மா கிடக்கு.