மாசத்தை குறுக்கே எழுதாதீங்க, கீழே இறக்குங்க

செலவுக் கணக்கு எழுத உட்காரும்போது நம்மில் நிறைய பேர் முதலில் செய்வது இதுதான். இடது ஓரத்தில் வாடகை, மளிகை, பெட்ரோல், இஎம்ஐ. மேலே ஏப்ரல், மே, ஜூன் என்று குறுக்கே மார்ச் வரைக்கும். பார்க்க அழகா இருக்கும். ஆனா மொபைல்ல திறந்தா பக்கவாட்டில் தள்ளித் தள்ளியே விரல் தேய்ஞ்சிடும். எக்செல் ஃபில்டர் வரிசைகளை மட்டும்தான் மறைக்கும். அதனால குறுக்கே இருக்கிற மாசத்தை அதை வச்சு பிரிக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், ஒரு மாசத்துக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான்.

இதுக்காக எல்லாத்தையும் திரும்ப டைப் பண்ண வேண்டாம். தலைப்புகளோட சேர்த்து மொத்தத்தையும் காப்பி பண்ணுங்க. புது ஷீட்டில் ஒரு காலி செல்லில் வலது கிளிக், பேஸ்ட் ஸ்பெஷல், அதில் டிரான்ஸ்போஸ். கூகுள் ஷீட்ஸிலும் பேஸ்ட் ஸ்பெஷல் உள்ளேயே இருக்கு. எக்செலில் டேபிளா மாத்தி வச்சிருந்தா இந்த வசதி வராது. முதலில் அதை சாதாரண ரேஞ்சா மாத்திடுங்க.

டிரான்ஸ்போஸ் ஃபார்முலாவும் இருக்கே, அதைப் போட்டா பழைய ஷீட்டை மாத்தும்போது புதுசும் தானாவே மாறுமே என்று கேட்பீங்க. மாறும். ஆனா செலவுக் கணக்குக்கு நான் அதை சொல்ல மாட்டேன். எக்செலில் அந்த ஃபார்முலா, காலியா இருக்கிற செல்லை 0 என்று காட்டும். ஆவரேஜ் ஃபார்முலா காலி செல்லை விட்டுடும், 0-வை விடாது.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாசம்தான் எழுதியிருக்கீங்க, மாசம் 30,000 ரூபாய் செலவு என்று வச்சுக்குவோம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஆவரேஜ் எடுத்துக் கூட்டினா 30,000 வரணும். வராத 4 மாசமும் 0-வா நின்னா, 2,40,000-ஐ 12-ஆல வகுத்து 20,000 என்று காட்டும். அதை நம்பி 6 மாசத்துக்கு எமர்ஜென்சி ஃபண்ட் போட்டா, 1,80,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,20,000 போதும்னு நிறுத்திடுவீங்க. வேலை போச்சுன்னா அந்தப் பணம் நாலே மாசத்தில் தீர்ந்துடும். ஷீட்டில் எந்த எரரும் வராது, அதுதான் கடுப்பு.

காப்பி பேஸ்ட்டில் காலி செல் காலியாவே இருக்கும். ஒரே தடவை திருப்பிப் போட்டு, பழைய ஷீட்டுக்கு ‘பழசு’ன்னு பேர் வச்சு ஒதுக்கிடுங்க. டிசம்பர் கணக்கை நவம்பருக்குக் கீழே எழுதுங்க. மார்ச் முடிஞ்சாலும் புது ஷீட் வேண்டாம், அடுத்த ஏப்ரலும் அதே ஷீட்டில் கீழேயே வரட்டும்.