குட்டிப் பூதத்துக்குத் தனிக் கட்டுரையா?

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் கைப்பேசியில் விளையாடிக்கொண்டு இருக்கிறான். ஆச்சி வெற்றிலை மடிக்கிறாள்.

"ஆச்சி! இந்த விளையாட்டுல வர்ற பூதத்தைப் பத்தி விக்கிப்பீடியாவுலேயே எழுதியிருக்கு" என்கிறான் பேரன்.

"அப்படியால? நம்ம ஊர் எல்லையில காவல் நிக்கிற மாடனைப் பத்தி எழுதியிருக்கான்னு பாரு" என்கிறாள் ஆச்சி.

பேரன் தேடுகிறான். இல்லை!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் யாருக்கு இடம்? விளையாட்டில் ஒரு நிமிடம் வந்துபோகும் குட்டிப் பூதத்துக்குக் கூடத் தனிக் கட்டுரை வேண்டுமா?

அன்று இடம் இல்லை

முன்பு இந்தக் கேள்விக்கு விடை எளிது. "தாளில் இடம் இல்லை" என்று சொல்லிவிடலாம்.

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-ல் வந்தது. பிறகு 1968-ல் இணைப்புத் தொகுதி ஒன்றும் வந்தது. உலகத்து அறிவை எல்லாம் இந்தப் பத்துத் தொகுதிகளுக்குள் அடக்க வேண்டும். குட்டிப் பூதத்துக்கு அங்கே எப்படி இடம் கிடைக்கும்?

இன்று நிலைமை வேறு. ஆங்கில விக்கிப்பீடியா 2001-ல் பிறந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. அவற்றுக்குத் தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். "இடம்தான் இருக்கிறதே! எழுதினால் என்ன?" என்று பலர் கேட்டார்கள். எழுதவும் செய்தார்கள்.

பூதங்களால் வந்த சண்டை

1974-ல் அமெரிக்காவில் "டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டு விற்பனைக்கு வந்தது. பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. அதில் நூற்றுக்கணக்கான பூதங்கள் உண்டு. 1996-ல் ஜப்பானில் "போக்கிமான்" வந்தது. முதல் ஆட்டத்திலேயே 151 பிராணிகள்!

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு கட்டுரை இருந்த காலம் உண்டு. "இது கலைக்களஞ்சியமா, விளையாட்டுக் கையேடா?" என்று சிலர் கேட்டார்கள். "ஆசையோடு எழுதியதை ஏன் அழிக்கிறீர்கள்?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். முடிவில், 2007-ல் பெரும்பாலான போக்கிமான்கள் பட்டியலுக்குள் போயின. டன்ஜியன்ஸ் பூதங்கள் பலவற்றுக்கும் அதே கதிதான். பிக்காச்சு போன்ற சிலவற்றுக்குத்தான் தனிக் கட்டுரை நிலைத்தது. ஏன்?

மூன்றாம் ஆள் சொன்னால் சரி

பெண் கொடுக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்வது இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். உறவு இல்லாத மூன்றாம் ஆள் சொன்னால்தான் நம்புகிறார்கள்.

கலைக்களஞ்சியத்தின் அளவுகோலும் அதுதான். விளையாட்டை விற்கிற கம்பெனி தன் பூதத்தைப் பற்றி எழுதிக்கொண்டால் போதாது. சம்பந்தம் இல்லாத மற்றவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்க வேண்டும். பிக்காச்சைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. போக்கிமான் மோகத்தை ஆராய்ந்து, பிக்காச்சின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நூலே 2004-ல் அமெரிக்காவில் வந்தது.

இந்த அளவுகோல் நல்லது. விற்பனைக் கையேட்டைப் பார்த்து எழுதிய கட்டுரை விளம்பரத்துக்குச் சமம். அதைப் படிக்கிற குழந்தை அறிவு பெறுவது இல்லை. சரக்கின் பெயரை மனப்பாடம் செய்கிறது. குட்டிப் பூதங்களுக்குப் பட்டியலில் ஒரு வரி போதும்.

யாளிக்கு உண்டு

கற்பனைப் பிராணி என்பதால் தள்ள வேண்டும் என்பது இல்லை. யாளியை யாரும் கண்டது இல்லை. ஆனால், சங்கப் பாடல்கள் அதைச் சொல்கின்றன. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் அது பாய்ந்து நிற்கிறது. இசைக்கு மயங்கும் அசுணமாவும் அப்படித்தான். அது வரும் பாடல்கள் சிலவே. ஆனாலும், புலவர்கள் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே, யாளிக்கும் அசுணமாவுக்கும் தனிக் கட்டுரை தகும்.

மாடனுக்கு ஏன் இல்லை?

சரி, ஆச்சியின் மாடன் என்ன ஆனார்?

அங்கேதான் இந்த அளவுகோல் நம்மைக் குத்துகிறது. விளையாட்டுப் பூதத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊர் எல்லையில் நிற்கும் சிறு தெய்வத்தின் கதையோ ஆச்சிகளின் வாயில் மட்டும் இருக்கிறது. ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாததைக் கலைக்களஞ்சியம் ஏற்காது.

அதற்காக அளவுகோலை வளைக்கலாமா? கூடாது. வளைத்தால், நாளைக்கு எவரும் எதையும் எழுதுவார்கள். உண்மை எது, கட்டிவிட்டது எது என்று தெரியாமல் போகும்.

வேறு வழி இருக்கிறது. பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே வழிபடப்படும் முத்துப்பட்டன், மாடு கவர்ந்தவர்களோடு போரிட்டு மாண்டவன் என்று கதை சொல்கிறது. அந்தக் கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் காலம் காலமாகப் பாடி வந்தார்கள். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. வாய்மொழியாக இருந்தது ஏட்டில் ஏறிற்று. இன்று முத்துப்பட்டனைப் பற்றி எவரும் ஆதாரத்தோடு எழுதலாம்.

ஒரு மனிதர் முன்வந்து பதிப்பித்தார். அவ்வளவுதான்!

இதை எல்லா ஊரிலும் செய்யலாம். பேரன் கையில் இருக்கும் கைப்பேசி, குரலையும் பதிவு செய்யும். ஆச்சி சொல்லும் கதையை அவன் பதிவு செய்யட்டும். சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சேர்த்து எழுதி வைக்கட்டும். பள்ளி ஆசிரியர்கள் அதைத் திருத்திக் கொடுக்கட்டும். கல்லூரிகள் ஒத்துப் பார்த்து நூலாக்கட்டும். அதன் பிறகு மாடன் தாமாகவே கலைக்களஞ்சியத்துக்குள் நடந்து போவார்.

குட்டிப் பூதம் காத்திருக்கலாம். அதன் பெயர் கம்பெனியின் கையேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆச்சியின் கதை அப்படி அல்ல. அவள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.