பொம்மை கார் வாங்குங்க, ஆனா அதை முதலீடுன்னு சொல்லாதீங்க

"அண்ணா, புகாட்டி ராயல் 1:18 ஸ்கேல் மாடல், லிமிடெட் எடிஷன், 42,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. எஸ்ஐபியை கொஞ்ச நாள் நிறுத்திட்டு வாங்கலாமா? பின்னாடி விலை ஏறுமாம்." வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான ஒரு தம்பி போன வாரம் என்கிட்ட கேட்டது இது.

ஒரிஜினல் காரோட கதையிலேயே பாதி பதில் இருக்கு. 12.7 லிட்டர் எஞ்சின், ஆறு மீட்டருக்கு மேல நீளம். எட்டோரே புகாட்டி ராஜாக்களை மனசுல வெச்சு 25 கார் செய்யத் திட்டம் போட்டார். 1929ல் பொருளாதார மந்தம் வந்தது. வெளியாட்கள் வாங்கினது மூணே மூணு. அதுல முதல் ஆள், ராத்திரியில ஓட்டமாட்டேன்னு ஹெட்லைட்டே வேண்டாம்னுட்டார்! மிச்ச எஞ்சின்கள் ரயில் கார்களுக்குப் போச்சு. இன்னைக்கு மிஞ்சியிருக்கறது ஆறு ஒரிஜினல் கார்தான். மதிப்பு அங்கேதான் இருக்கு.

உங்க அலமாரிக்கு வர்ற 35 சென்டிமீட்டர் கார் அப்படி இல்லை. கம்பெனி நாளைக்கே வேற கலர்ல இன்னொரு "லிமிடெட்" விடலாம். 1930கள்ல வந்த டிங்கி டாய்ஸ் இன்னைக்கு நல்ல விலைக்குப் போகுதேன்னு கேட்பீங்க. அதை குழந்தைங்க விளையாடி உடைச்சாங்க. துத்தநாகக் கலவையில ஈயம் கலந்திருந்ததால பல கார் தானாவே வெடிச்சு உதிர்ந்தும் போச்சு. தப்பிச்சது கொஞ்சம். இப்ப வாங்கறவங்க எல்லாருமே பெட்டி கசங்காம பத்திரமா வெச்சிருக்காங்க. அப்புறம் எப்படிங்க அரிதாகும்?

அடுத்து செலவு. நோ காஸ்ட் இஎம்ஐ-யில வட்டியை தள்ளுபடியா காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டுலதான் விழும். பிராசஸிங் ஃபீஸ் தனி. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா, ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் சேர்த்த தொகைக்குத்தான் கஸ்டம்ஸ் கணக்கு போடுவாங்க. அந்த வரியையும் சேர்த்து அதுக்கு மேல ஐஜிஎஸ்டி.

நானும் யோக்கியன் இல்லை. சிஏ முடிச்ச புதுசுல ஒரு மெர்சிடீஸ் 500கே மாடலை கிரெடிட் கார்டு தேய்ச்சு வாங்கினேன். "இது அசெட்"னு வீட்டுல லெக்சர் வேற. 2020ல அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தப்போ அதை விக்கப் பார்த்தேன். மூணு வாரம் ஆச்சு, கேட்டவங்க பாதி விலைக்குக் கேட்டாங்க. கடைசியில அம்மா செயின்தான் அடகுக்குப் போச்சு. பணம் அரை மணி நேரத்துல கையில. அன்னைக்கு அம்மா அந்த காரை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க...

அதனால தம்பிகிட்ட சொன்னது இதுதான்: எஸ்ஐபியைத் தொடாதீங்க. ஆறு மாச செலவுக்குப் பணம் தனியா இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா, மாசம் 3,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. பன்னிரண்டு மாசத்துல 42,000 சேர்ந்துடும். அப்பவும் அந்த கார் மேல ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க, வித்தா எவ்வளவு வரும்னு மட்டும் பார்க்காதீங்க.

என் 500கே இப்பவும் ஹால்லதான் இருக்கு. பொண்ணு விளையாடி முன் பம்பர் தொங்குது. பெட்டியை எப்பவோ பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு.